கேட்டு வாங்காத காப்பு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சேட்டின் சரக்குப் பாண்டிகசாலைக்கு இரண்டு வாசல். காயல் பக்கத்து வாசலில் வள்ளம் வந்து நிற்கும். சாக்கு ஏறும், இறங்கும். ரோட்டுப் பக்கத்து வாசல் ஆட்களுக்கு. சாயங்காலம் மணி அடித்ததும் சுக்கு பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரும் அந்த வாசலில் ஒற்றை வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியாக வந்து மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். பிறகு கையைத் தூக்கி நிற்க வேண்டும். இடுப்பைச் சுற்றித் தடவிப் பார்த்து "போ" என்று சொன்ன பிறகுதான் ரோட்டில் கால் வைக்கலாம்.

தடவிப் பார்க்கிறவள் பாக்கியலக்ஷ்மி. அவளும் பகலெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து சுக்கு பொறுக்குகிறவள்தான். சுண்ணாம்பு பூசின சுக்குத் தூசி அவள் தலையிலும் படியும், அவள் விரல் இடுக்கிலும் வெடிக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால், அதிகம் பேசாதவள், வம்பு தும்புக்குப் போகாதவள் என்று பார்த்து, கணக்கர் முகமது இஸ்மாயில் இந்த வேலையை அவள் தலையில் வைத்தார். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவர்கள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். முகத்துக்கு முன்னால் "பாக்கியக்கா" என்றார்கள். பின்னால் "தடவுகாரி" என்றார்கள். அவளுக்கும் அது தெரியும்.

கடைசி ஆள் போன பிறகு திட்டிவாசலைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்கு நடப்பாள். அவள் மடியைப் பார்க்க ஆள் கிடையாது.

கேரளம் என்று தனி மாநிலம் பிறந்து இரண்டாவது வருஷம் அது. வைகாசி மாசம். மழைக்கு முன்னால் சரக்கெல்லாம் கப்பல் ஏறியாக வேண்டும் என்று பாண்டிகசாலையில் ஒரே ஓட்டம். வானம் மத்தியானத்துக்கு மேல் கறுக்கும், இருட்டும், பெய்யாமல் போகும். புழுக்கத்தில் மிளகு நெடியும் சுக்கு நெடியும் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பாக்கியத்தின் ஒரே மகள் வீரலட்சுமிக்கு அப்போது ஏழாம் மாசம். அவளை எர்ணாகுளத்தில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை சங்கிலிப்பாண்டிக்கு அங்கே பிராட்வே கடைத்தெருவில் ஒரு சாயாக்கடையில் அடுப்படி வேலை. வளைகாப்பைத் தாய் வீட்டில் வைத்துச் செய்து, பிரசவத்துக்கு இங்கேயே இருத்திக்கொள்வது என்று பேச்சு. வீரலட்சுமி பத்து நாள் முந்தியே படகேறி வந்துவிட்டாள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட அந்த ஜனங்களுக்கு வளைகாப்பில் முதல் காப்பு கண்ணாடி இல்லை. வசம்பைத் துண்டு போட்டு, கருப்புப் பாசி இடையிட்டுக் கோத்த காப்பு. வசம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேர் சொல்லாதது என்பார்கள். தாய்க்காரி தன் கையால் அதைச் செய்ய வேண்டும். முதலில் பிள்ளைத்தாய்ச்சி கையில் கட்டி அவிழ்த்து, அரிசிப் பானைக்குள் போட்டு வைத்து, பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் பிள்ளை கையில் கட்டுவது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற சாமான்தான். ஆனால் இந்தக் காப்புக்கு மட்டும் கடையில் வாங்கக் கூடாது. பெற்றதெல்லாம் தங்கின ஒருத்தியின் வாசலில் போய் நின்று, "பிள்ளைக்குத் தா" என்று கேட்டு வாங்க வேண்டும். கொடுத்தவளே வந்து கட்ட வேண்டும். அவளால் வர முடியாமல் போனால், அவள் பேரைச் சொல்லி மாமியார் கட்டலாம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மாடத்திகிட்டப் போய்க் கேளு," என்றான் செல்லதுரை. அவன் பாக்கியத்தின் புருஷன். சாக்கு தூக்கித் தூக்கி இடது தோள் இறங்கிப்போய், இரண்டு வருஷமாக வீட்டோடு இருந்து கயிறு முறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "அஞ்சு பெத்தா, அஞ்சும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அந்தக் கையை விட வேற கை உண்டா இந்த வீட்டு வரிசையில?"

"வேற ஆள் பாக்கலாம்."

"வேற யாரு? கோமதிக்கு ரெண்டு போச்சு. பிச்சைமணி பொண்டாட்டிக்கு ஒண்ணு போச்சு. போய்க் கேளுன்னு சொல்லுதேன். கேக்கதுக்கு ஒனக்கு வாய் வலிக்கா?"

பாக்கியம் அடுப்பில் கப்பைக்கிழங்கைக் கிண்டினாள்.

மாடத்தி அதே பாண்டிகசாலையில் சுக்கு பொறுக்குகிறவள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள். போன மாசி மாசம் அவள் மடியில் நாலு சுக்குத் துண்டு இருந்தது. கடைசிப் பயலுக்கு இருமல் என்று கஷாயம் வைக்க எடுத்திருந்தாள். பாக்கியத்தின் விரலில் அது தட்டுப்பட்டது. மெதுவாக எடுத்துக் கீழே போட்டுவிட்டு "போ" என்று சொல்லியிருக்கலாம். இரண்டொருவர் விஷயத்தில் அப்படிச் செய்ததும் உண்டு. அன்றைக்குக் கணக்கர் பக்கத்திலேயே நின்றிருந்தார். பாக்கியம் பதறிப்போய், "இங்க இருக்கு! இவ மடியில இருக்கு!" என்று கத்திவிட்டாள். சாக்கு தூக்கும் சுமட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடத்தி மடியை முழுக்க அவிழ்த்து உதற வேண்டி வந்தது. சுக்கோடு வெற்றிலைச் சுருக்குப் பையும் ரோட்டில் விழுந்தது. எட்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் வந்தாள். வரிசையில் நின்றாள். மடியை உதறிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு, பாக்கியத்தின் முகத்தைப் பார்க்காமல் மேலே ஓட்டுக் கூரையையே பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

ஆனாலும் செல்லதுரையின் நச்சரிப்புப் பொறுக்காமல், புதன்கிழமை வேலைவிட்டு வந்த பிறகு பாக்கியம் முகத்தைக் கழுவிக்கொண்டு மாடத்தி வீட்டுப் பக்கம் போனாள். முற்றத்துக் குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். மாடத்தி கல்லில் உட்கார்ந்து மத்தி மீன் உரசிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை செதிள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னட்டி, வாசல்ல தடவுனது போதலைன்னு வீட்டுக்கே வந்துட்டியா?"

குழாயடியே சிரித்தது.

"ஏ மாடத்தி, மீனை நல்லாத் திறந்து காட்டு. செவுளுக்குள்ள சுக்கு ஒளிச்சு வச்சிருப்பே," என்றாள் கோமதி.

"நெத்திலியா இருந்தா ஒண்ணொண்ணாத் திறக்கணும். விடிஞ்சிரும்," என்றாள் இன்னொருத்தி.

பாக்கியமும் சிரிக்கப் பார்த்தாள். 'பிள்ளைக்குத் தா' என்ற இரண்டு வார்த்தைதான். அது நாக்கு நுனி வரை வந்தது. "தண்ணி வருதான்னு பாக்க வந்தேன்," என்றாள்.

"ஒங்க பக்கத்துக் குழாய்ல மோரா வருது?"

அதற்கும் சிரிப்பு. பாக்கியம் திரும்பி நடந்தாள். முதுகு முழுவதும் கண் முளைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை, பம்பாய்க்குப் போக வேண்டிய பேர் சொல்லாதது சாக்குச் சாக்காக வந்து இறங்கியது. அழுகினதைத் தனியாக எடுத்துப் போடும்படி பாக்கியத்தையும் இன்னும் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். நெடி மண்டைக்கு ஏறியது. மத்தியானம் மற்ற இரண்டு பேரும் கஞ்சி குடிக்கப் போனார்கள். பாக்கியத்தின் கையில் ஒரு துண்டு வந்தது. பெருவிரல் தண்டி. கணுக்கணுவாக, நல்ல கனமாக, புழு தொடாமல். அதை நல்லது போடுகிற பக்கம் போட வேண்டும். அவள் கை போடவில்லை.

கேட்டிருந்தால் இஸ்மாயில் ஒரு கை அள்ளியே கொடுத்திருப்பார். ஜன்னல் வழியாக அவர் தொப்பி தெரிந்தது. பத்து அடி தூரம். ஆனால் சாயங்காலம் முப்பது பேர் மடியைத் தடவப்போகிறவள் போய் நின்று, எனக்கு ஒரு துண்டு கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்க வாய் வராத இடத்தில் கை முந்திக்கொண்டது. அதைப்போல் இன்னும் ஒன்றைப் பொறுக்கினாள். இரண்டையும் மடியில் செருகி, முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் வரிசை வந்தது. ஒவ்வொருத்தியையும் குனிந்து தடவும்போது அந்த இரண்டு துண்டும் அவள் அடிவயிற்றில் குத்தின. மாடத்தி வந்தாள். உதறினாள். கையைத் தூக்கினாள். ஓட்டைப் பார்த்தாள்.

"போ," என்றாள் பாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் காப்புச் செய்ய உட்கார்ந்தாள். மழை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பிடித்தது. ஓட்டு இடுக்கு வழியாக மூன்று இடத்தில் ஒழுகியது. சட்டி, செம்பு, கொட்டாங்கச்சி வைத்திருந்தது. தோலைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுத்தாள். அரிவாள்மனையில் வைத்து விரற்கடை அளவுக்குத் துண்டு போட்டாள். ஊசியை அடுப்புக் கங்கில் பழுக்கக் காய்ச்சி நடுவில் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் புகை வந்தது. இரண்டு துண்டு விண்டுபோயின. முனையை அம்மியில் உருட்டி உருட்டித் தேய்த்தாள், பச்சைப் பிள்ளை கையில் உராயக் கூடாதே என்று. விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது ஒவ்வொன்றும் தேங்காய்ப்பூ வறுத்த நிறத்தில் மினுங்கியது. அவள் கை வேலைக்கு எப்போதும் ஒரு நறுவிசு உண்டு. முடிபோட்ட கருப்பு நூலில் ஒரு துண்டு, ஒரு பாசி, ஒரு துண்டு என்று கோத்து முடித்துத் தூக்கிப் பார்த்தாள். இத்தனை அழகாக வந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"அடி சக்கை! யம்மா, இது ராசா பிள்ளைக்குல்லா கட்டணும்!" என்று வீரலட்சுமி அதை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

செல்லதுரை கயிற்றை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "நல்ல சரக்கு. மாடத்தி கொடுத்தாளா?"

பாக்கியம் நூல் பிசிரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். வாயில் நூல் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாடத்தி வளைகாப்புக்கு வரமாட்டாள் என்பதுதான் அவள் கணக்கு. வராதவள் பேரைச் சொல்லி ஸம்பந்தி கட்டிவிடுவாள். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். அந்த வாரத்தில் வீரலட்சுமி தானாகவே வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய், "யத்தை, நீங்க கண்டிப்பா வரணும்," என்று மாடத்தியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு காலை எட்டரைப் படகில் ஸம்பந்தி சுடலைவடிவு வந்து இறங்கினாள். கூடவே மூன்று பெண்கள், வளையல் தட்டு, பூ. "மழைன்னா மழை! படகுக்காரன் பாதிக் காயலைப் படகுக்குள்ளயே கொண்டுவந்துட்டான்," என்று சேலையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். வீட்டுக்குள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று வாழையிலை மூடி வைத்திருந்தது. வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாக்கியம் ஓடி ஓடிச் சந்தனம் கொடுத்தாள். கதவோரம் ஈரக் குடையை மடக்கிக்கொண்டு மாடத்தி நின்றதை அப்போதுதான் பார்த்தாள்.

"வா," என்றாள்.

"ஒன் மக கூப்பிட்டா," என்றாள் மாடத்தி.

வீரலட்சுமியை மணையில் உட்கார்த்தினார்கள். சுடலைவடிவு தட்டிலிருந்த காப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உருட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"வேலைன்னா இது வேலை மயினி. என் மூத்தவளுக்குக் கட்டுனது வேலிக் குச்சியாட்டம் இருந்துச்சு. சரி, யார் கொடுத்தது? எந்தக் கை?"

பாக்கியம் தட்டை ஸம்பந்தி பக்கம் நகர்த்தினாள். "அது... நீங்களே கட்டிருங்க மயினி. நேரம் ஆவுது."

"நேரம் கிடக்கட்டும். பேரைச் சொல்லாம எப்படிக் கட்டுதது? எம் பேரப்பிள்ளை கையில ஏறப்போறதுல்லா?"

வெளியே ஆண்களோடு நின்ற செல்லதுரை ஜன்னல் கம்பி வழியாகத் தலையை நீட்டினான். அவனுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். "மாடத்தி கொடுத்தது மயினி! அஞ்சு பெத்து அஞ்சும் தங்குன கை! அந்தா கதவுகிட்ட நிக்காள்ல, அவதான்!"

அறையில் இருந்த அத்தனை முகமும் திரும்பியது. குழாயடியில் அன்றைக்கு நின்ற கோமதி அங்கே இருந்தாள், மற்றவர்களும் இருந்தார்கள். பாக்கியம் கேட்கவும் இல்லை, மாடத்தி கொடுக்கவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். முந்தின வாரம் சனிக்கிழமை பேர் சொல்லாததைப் பிரித்துப் போட உட்கார்ந்தது யார் என்றும் தெரியும். கோமதியின் வாய் லேசாகத் திறந்தது. ஒருத்தி மற்றவளின் தொடையைக் கிள்ளினாள்.

பாக்கியம் தரையைப் பார்த்தாள். இப்போது மாடத்தி "இல்லை" என்று சொன்னால் போதும். ஸம்பந்தி வீட்டுக்காரி முன்னால், மகள் முன்னால், வயிற்றுப் பிள்ளைக்குத் திருட்டுக் காப்பு என்று ஆகிவிடும். வீரலட்சுமி காலமெல்லாம் அந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாடத்தி சொல்லட்டும், அதுதான் நியாயம் என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

"என்னம்மா, நீதானா கொடுத்தது?" என்றாள் சுடலைவடிவு.

மாடத்தி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது சரிந்தது. மறுபடி சாய்த்து வைத்தாள்.

"ஆமா," என்றாள். "வாசல்ல வந்து நின்னு கேட்டா. கொடுத்தேன்."

ஆட்களைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். காப்பை வாங்கி வீரலட்சுமியின் கையில் கட்டினாள். "நல்லபடியாப் பெத்துப் பிழைச்சு எந்திரி தாயி," என்று நெற்றியில் சந்தனம் வைத்தாள். பாக்கியத்தின் பக்கம் திரும்பவே இல்லை. குலவை எழுந்தது. பாக்கியத்துக்குக் குலவை போட வாய் கூடவில்லை.

சாப்பாடு முடிந்து படகுக்கு ஆட்கள் கிளம்பின பிறகு, பின்பக்கம் வாழையடியில் மாடத்தி கை கழுவிக்கொண்டிருந்தாள். பாக்கியம் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள்.

"மாடத்தி."

"ஊத்து."

"நீ இல்லைன்னா இன்னைக்கு என் மானம்..."

"ஒன் மானத்துக்காகச் சொல்லலை. அந்தப் பிள்ளை என்னை யத்தைன்னு கூப்பிட்டா. அவ வயித்துல கிடக்கது என்னத்தைக் கண்டுச்சு?" மாடத்தி கையை முந்தானையில் துடைத்தாள். "எங்கருந்து எடுத்தே?"

"சாக்குலருந்து."

"எதுல வச்சுக் கொண்டுவந்தே?"

பாக்கியம் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள்.

"கேக்கேன்லா."

"மடியில."

"எத்தனை?"

"ரெண்டு துண்டு."

"எனக்கு நாலு," என்றாள் மாடத்தி. "எட்டு நாளு என் பிள்ளைகளுக்கு மூணு வேளையும் கப்பை. சின்னவன் இருமிக்கிட்டே தின்னான். அன்னைக்குப் புதன்கிழமை நீ கேக்கத்தான் வந்தேன்னு எனக்குத் தெரியும். அதான் அப்படிப் பேசினேன். கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியலை. ஒருவேளை கொடுத்திருப்பேன்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாக்கியம் காலிச் செம்போடு நின்றாள்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அவள் கணக்கர் முன்னால் போய் நின்றாள். "இக்கா, வாசல் வேலை எனக்கு வேண்டாம். பொறுக்கதோட நிறுத்திக்கிடுதேன்."

"எந்து பற்றி?" இஸ்மாயில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கினார். "மகளுக்கு வளைகாப்பு நல்லா நடந்நில்லே?"

"நடந்துச்சு."

"பின்னே எந்தா? நின்னைப்போலெ நேரும் நாணயமும் உள்ள ஒரு பெண்ணை இந்த பஜார்ல நான் எங்கே போய்த் தேடும்? போ, போய்ப் பணி நோக்கு."

அதற்கு மேல் நின்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நின்றாள். அவர் அதற்குள் பேரேட்டில் குனிந்துவிட்டார். அவளும் வந்துவிட்டாள்.

அன்று பகலெல்லாம் மழை. சாயங்காலம் வரிசை நின்றது. யாரும் வழக்கம்போல் சளசளக்கவில்லை. ஒவ்வொருத்தியும் மடியை உதறும்போது பாக்கியத்தின் மடியை ஒரு பார்வை பார்த்தாள். கோமதி தேவைக்கு மேல் பலமாக உதறினாள். பாக்கியத்தின் கை யார் இடுப்பிலும் அழுந்தவில்லை. தொட்டும் தொடாமலும் "போ, போ" என்று அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மாடத்தி வந்தாள். மடியை உதறினாள். கையைத் தூக்கினாள். இன்றைக்கு ஓட்டைப் பார்க்கவில்லை, நேராக முகத்தைப் பார்த்தாள்.

பாக்கியம் கையை நீட்டவில்லை. "போ," என்றாள்.

மாடத்தி நகரவில்லை. "என்ன, போ? தடவு."

"வேண்டாம் மாடத்தி. நீ போ."

"அவளுகளைத் தடவுனேல்லா? எனக்கு மட்டும் என்ன சலுகை? என்னைத் தடவாம விட்டா, தடவுகாரிக்கும் மாடத்திக்கும் கூட்டுன்னு நாளைக்குக் குழாயடியில பேசுவாளுக. நான் வெறும் மடியோட போறேன்னு எல்லாரும் பாக்கணும்."

"எனக்குக் கை வரலை."

மாடத்தி தூக்கின கையை இறக்கினாள். பாக்கியத்தின் மணிக்கட்டைப் பிடித்து, தன் மடிக்குள் அந்தக் கையைத் தானே வைத்து அழுத்தினாள். ஈரச் சேலை. அதற்குள் வயிற்றுச் சூடு. வேறு ஒன்றும் இல்லை.

"இருக்கா?"

"இல்லை."

"சத்தமாச் சொல்லு. அன்னைக்குச் சொன்னேல்லா, அந்தச் சத்தத்துல சொல்லு."

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. சுமட்டுக்காரர்கள் திரும்பினார்கள்.

"ஒண்ணும் இல்லை!" என்று கத்தினாள். "இவ மடியில ஒண்ணும் இல்லை!"

உள்ளே இஸ்மாயில் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். மாடத்தி அவள் கையை விட்டாள். மடியை நிதானமாகச் சொருகி, குடையை விரித்து, மழையில் இறங்கி நடந்தாள்.

பின்னால் இன்னும் பத்துப் பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். அடுத்தவள் முன்னால் வந்து மடியை அவிழ்த்து உதறினாள். பிறகு கையைத் தூக்கி நின்றாள்.